எந்த ஏரியா?

என் மகள் ஐந்தாம் வகுப்பை முடித்த கோடையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள் ஒரு மாதம் கிடந்தன. ஒன்று, எங்கள் தெருவிலிருந்து எட்டு நிமிடம் நடந்தால் வந்துவிடும் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியுடையது. மற்றொன்று, பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தனியார் பள்ளியுடையது. அங்கே போவதென்றால் காலை ஆறேமுக்காலுக்கு வேன் வரும். மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும்.

நாங்கள் இருப்பது வியாசர்பாடியில். "பொம்பளப் புள்ள. இந்த ஏரியாவுல எப்டிம்மா நடத்தி அனுப்புவ?" என்றார் என் மாமியார். பிறந்ததிலிருந்து இதே ஏரியாவில் இருக்கும் என் கணவரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். என்னாலும் உடனே மறுக்க முடியவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு டாஸ்மாக் கடை இருக்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் பள்ளிக்கும் மதுக்கடைக்கும் இடையே 50 மீட்டர் இருந்தால் போதும் என்கிறது அரசின் விதி. ஒரு சிறுமியின் காலுக்கு 50 மீட்டர் எவ்வளவு தூரம் என்று அந்த விதியை எழுதியவர்கள் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு மகனுக்குப் பள்ளி தேடியபோது நாங்கள் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: "நல்லா சொல்லித் தர்றாங்களா?" மகள் என்றதும் அந்தக் கேள்வி இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. வழி எப்படி, வாசல் எப்படி, வாட்ச்மேன் உண்டா, கழிவறைக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பவை முன்னால் வந்து நின்றன. வகுப்பறையில் பெண்கல்வியின் வரலாற்றை ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். கேள்விகளின் இந்த வரிசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பது என் வீட்டு மேசையில்தான் எனக்கு உறைத்தது.

●

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்ற இளம்பெண் சேர்ந்தார். அது ஆண்கள் படித்த கல்லூரி. மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாம் அறியும் அவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வண்டிக்கு மூடுதுணி யாருக்காக? வழியெல்லாம் நின்று பார்த்த ஆண்களால் வந்த இடைஞ்சலுக்கு அவர்களை யாரும் திரைக்குப் பின்னால் உட்கார வைக்கவில்லை. திரை அவர் பக்கம்தான் விழுந்தது.

அதே காலத்தில் சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்கவைக்க முனைந்தார். அவரும் குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மொட்டையடித்த பெண்கள் தெருவில் புத்தகத்தோடு நடப்பதைப் பொறுத்துக்கொள்ளாத நகரத்தில் அவர்களுக்கு இடம் தேடுவது எளிதாக இல்லை. கடைசியில் கிடைத்தது கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கும் அந்தக் கட்டடத்துக்குள்தான் அந்தப் பெண்கள் தங்கிப் படித்து ஆசிரியைகளானார்கள். ஐஸ் ஹவுஸைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். உருகிவிடக் கூடாது என்று பனிக்கட்டியை வைத்த சுவர்களுக்குள்ளேதான் இந்தப் பெண்களையும் வைக்க முடிந்திருக்கிறது. அந்தச் சுவர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வீடு பிராமணக் கைம்பெண்களுக்காகத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுவருக்குள் இடம் கிடைப்பதற்கும் சாதி வேண்டியிருந்தது.

1930இல் முத்துலட்சுமியின் வீட்டுக் கதவைச் சில சிறுமிகள் தட்டினார்கள். தேவதாசி முறைக்குத் தப்பி வந்தவர்கள். நகரத்து விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. விடுதிகள் சொன்ன காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: மற்றப் பிள்ளைகளின் நலன். அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவர் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். யாரிடமிருந்து யாரைப் பாதுகாப்பது என்ற கேள்விக்கு விடுதிகள் ஒரு பதிலைச் சொன்னன. முத்துலட்சுமி வேறொரு பதிலைச் சொன்னார்.

●

என் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி 1921இல் வந்தது.

பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தவை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். 1921 ஜூனில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். பகை மூண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கலவரம் ஓய அக்டோபர் ஆயிற்று. வீடிழந்த ஆதிதிராவிடக் குடும்பங்களை வியாசர்பாடியில் முகாமிட்டுத் தங்கவைத்தார்கள். எங்கள் தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது. ஆயா அந்த வருடத்தைக் 'கொளுத்துன வருசம்' என்றுதான் சொல்வார். அது அவர் பிறப்பதற்கு முந்தைய வருடம். ஆனாலும் அவருடைய காலக்கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

அமைதி திரும்ப அன்று ஒரு யோசனை எழுந்தது: ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்துவது. நீதிக்கட்சி வட்டாரத்திலிருந்தே அந்த யோசனை வந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து சட்டமன்றத்துக்குப் போன எம்.சி. ராஜா அதைக் கடுமையாக எதிர்த்தார். எரிந்தவர்களின் வீடு எரிந்தவர்களையே இடம்பெயர்ப்பதற்குக் காரணமாகிவிடும் விந்தையை அவர் கண்டுகொண்டார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மழுப்பிவிட்டு என்னால் எழுத முடியாது. ஓராண்டுக்கு முன்பு, 1920இல், இதே நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சிதான் ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தர முடிவெடுத்தது. சோறு போட்டதும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல் அரசு செலவுக்கு முட்டுக்கட்டை போட்டதும் நின்றது. 1956இல் காமராஜரும் 1982இல் எம்.ஜி.ஆரும் விரித்தெடுத்த திட்டத்தின் வேர் அந்த ஒரு பள்ளியில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றின் அருகே ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பெசன்ட் நகரில் அவர் பெயரில் பள்ளி இன்றும் நடக்கிறது.

ஆக, ஒரே நகரத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. ஒன்று, ஆபத்து என்று பேர் வந்ததும் ஆளைப் பிரித்து எடுத்துப்போய் வேறிடத்தில் வைப்பது. மற்றொன்று, ஆள் இருக்கும் இடத்துக்கே பள்ளியையும் சோற்றையும் கொண்டுபோவது. இரண்டுக்கும் நாம் பாதுகாப்பு என்ற ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

●

அம்மா எட்டாவதோடு நின்றவர். படிப்பு ஏறாததால் நிற்கவில்லை. வயதுக்கு வந்ததால் நின்றார். நடுநிலைப்பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்தது. உயர்நிலைப்பள்ளிக்கு ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். "எட்டாவது வரிக்கும் ஆயாம்மா வந்து கூட்டிக்கினு போவும். ஒன்பதாவதுக்கு யாரு வருவா?" என்று இன்றும் கேட்பார். பழைய பெண்கள் பள்ளிகள் வீடு வீடாகப் போய்ச் சிறுமிகளை அழைத்துவருவதற்கென்றே சம்பளம் கொடுத்துப் பெண்களை வைத்திருந்தன. பெண்கல்வி பற்றிய நம் நூல்களில் மிஷனரிகளும் சீர்திருத்தக்காரர்களும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். இந்த ஆயாக்கள் ஒரு வரியில் போய்விடுகிறார்கள். எத்தனை பெண்களின் எட்டாம் வகுப்பு அவர்களின் காலால் ஆனது என்று யாரும் எண்ணவில்லை.

அம்மாவின் தம்பி அதே ரயில் பாதையைத் தாண்டிப் போய் பத்தாவது படித்து மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். தண்டவாளம் இருவருக்கும் ஒன்றுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்தது 1998இல். அந்த ஜூலையில் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு அருகே ஆட்டோவில் வந்த ஆண்கள் ஒரு மாணவியிடம் வம்பு செய்தார்கள். அடிபட்டு விழுந்த அவர் உயிரிழந்தார். நகரமே கொந்தளித்தது. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அது சட்டமானது. அதற்கு 'ஈவ் டீசிங்' தடுப்புச் சட்டம் என்று பெயர். கொலையில் முடிந்த ஒன்றை 'சீண்டல்' என்று அழைத்தார்கள். பெண்களுக்கு எதிரான தொல்லை என்று அந்தப் பெயரைத் திருத்தப் பின்னர் சில ஆண்டுகள் ஆயின.

மில் 1996இலேயே மூடிவிட்டது. வேலையில்லாமல் இருந்த அப்பாவுக்கு அந்த ஆண்டு ஒரு வேலை கிடைத்தது: மாலையில் பேருந்து நிறுத்தத்தில் எனக்காக நிற்பது. மூன்று ஆண்டுகள் நின்றார். ஒரு நாளும் "இந்த டிரஸ் போடாத" என்றோ "படிப்பை நிறுத்திடலாம்" என்றோ சொன்னதில்லை. நின்றார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் என்னோடு பிளஸ் டூ முடித்த மூன்று பெண்களின் வீட்டில் நிற்க ஆளில்லை. மூவருக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் திருமணம் முடிந்தது. அந்தச் சட்டம் என்னையும் அவர்களையும் ஒன்றாகத்தான் பாதுகாத்தது என்று ஏட்டில் இருக்கும். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது, ஓர் ஆலை மூடியதால் சும்மா இருந்த ஒரு மனிதரின் நேரம்.

●

இப்போது எல்லாம் மாறிவிட்டது, பணம் கொடுத்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்கிறார்கள். வேன், கேமரா, வாயிற்காவலர், அட்டையைக் காட்டினால்தான் பிள்ளையை விடுவது. மேசையில் கிடந்த இரண்டாவது படிவத்தின் பாதிப்பக்கம் இவைதான்.

2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த பகுதியில் ஒரு தனியார் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2018இல் எங்களுக்குப் பக்கத்திலேயே, அயனாவரத்தில், காவலும் மதில்சுவரும் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினொரு வயதுச் சிறுமியைப் பல மாதங்கள் பலர் வன்கொடுமை செய்தது வெளிவந்தது. குற்றவாளிகளில் பலர் அந்தக் குடியிருப்பைக் காக்கவும் பராமரிக்கவும் சம்பளம் வாங்கியவர்கள். 2020இல் 15 பேர் தண்டனை பெற்றார்கள். 2021 மே மாதம் சென்னையின் பெயர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர், மாணவிகள் துணிந்து சொன்ன புகார்களால் கைதானார்.

மாநகராட்சிப் பள்ளிகளில் எதுவும் நடக்காது என்று நிறுவ இவற்றைச் சொல்லவில்லை. அங்கும் நடந்திருக்கிறது. 'ஏரியா'வைப் பார்த்துப் போடும் கணக்கு தப்பு என்பதற்காகச் சொல்கிறேன். பெண் குழந்தைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவர் வழியாக, அதிகாரம் உள்ளவர் வழியாக, கேட்க ஆளில்லாத இடத்தில் வருகிறது. குடிசை, ஓட்டுவீடு, ஃபிளாட் என்று பார்த்து அது வருவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடங்களில் "எந்த ஏரியாவுலேர்ந்து வரீங்க?" என்று கேட்டவர்கள் என் பாதுகாப்பை விசாரிக்கவில்லை. என் சாதியை விசாரித்தார்கள். அந்தக் கேள்வியின் மரியாதையான வடிவத்தைத்தான் நாங்களும் எங்கள் மகளின் பள்ளியைக் குறித்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

●

1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரிக் குழு, அருகமைப் பொதுப்பள்ளியைப் பரிந்துரைத்தது. ஒரு பகுதியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும், பணமோ சாதியோ பாராமல், அந்தப் பகுதியின் பள்ளியிலேயே படிப்பது. வசதியுள்ளவர் பிள்ளையும் அங்கே படித்தால்தான் அந்தப் பள்ளியின் கூரை ஒழுகுவது வெளியே தெரியும் என்ற எளிய அறிவு அது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளி என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. அதே சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கு அரசுப் பணத்தைக் கொடுத்து, அந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வெளியேற வாசலையும் திறந்து வைத்தது. என் மகனும் அந்த வாசலை ஒட்டிய வேறொரு வாசல் வழியாக, கட்டணம் கட்டி, வெளியேறியவன்தான். வெளியேற்றியவள் நான்.

நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தும் யோசனையோ சாகவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆற்றோரங்களிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் மக்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றவே என்று சொன்னார்கள். கல்வியாண்டின் நடுவிலும் இறக்கினார்கள். நகரத்தை எரித்துவிட்டுப் போன பெண்ணின் பெயரை, நகரம் வெளியேற்றியவர்களின் குடியிருப்புக்கு வைத்த அரசாங்கத்துக்கு இலக்கியப் பயிற்சி குறைவு என்று சொல்ல முடியாது.

என் வகுப்பில் பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி இருந்தாள். குடும்பத்தை இடம்மாற்றியபோது அவள் ஒன்பதாவது படித்தாள். பழைய பள்ளியை விடக் கூடாது என்று இரண்டு பேருந்து மாறி வந்து போனாள். அவள் அக்கா விட்டுவிட்டாள். "நைட்டு லேட்டாகுது மேடம், அவ கொஞ்சம் பெரிய பொண்ணு இல்லையா" என்றாள் என்னிடம். பதினாறு வயது அக்காவைப் பற்றி. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எத்தனையோ பேர் கேலி பேசினார்கள். அந்த அக்காவுக்கு அது சில ஆண்டுகள் பிந்தி வந்தது என்பதுதான் எனக்குத் தோன்றியது.

●

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சிப் பள்ளியைப் பார்க்கப் போனேன். கழிவறைக்குப் போய்ப் பார்த்தேன். நான்கில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. தலைமையாசிரியை வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "நாலாவதுக்கும் போட்டுடலாம் மேடம், நீங்க சேருங்க" என்றார். நூலகம் என்ற அறையில் புத்தகங்கள் பூட்டிய பீரோவில் இருந்தன. தமிழாசிரியை என் பழைய மாணவி. திரும்பும்போது மகள், "அம்மா, இங்கன்னா நடந்தே வரலாமா?" என்று கேட்டாள். ஆறேமுக்கால் வேனுக்கு எழ வேண்டாம் என்பது அவள் கணக்கு.

சேர்த்தோம். இதைத் தியாகமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவளுக்கு வீட்டில் புத்தகம் இருக்கிறது, கேள்வி கேட்கத் தெரிந்த அம்மா இருக்கிறாள். அந்த வகுப்பில் பலருக்கு இரண்டும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நானும் அதில் உறுப்பினரானேன். முதல் கூட்டத்தில் பூ கட்டி விற்கும் ஓர் அக்கா எழுந்து, "மதிலுக்குப் பின்னால லைட்டு எரியல. அத்த முதல்ல பாருங்க" என்றார். அதுவே எங்கள் முதல் தீர்மானம். மாமன்ற உறுப்பினர் ஒரு பெண். 2022இல் சென்னை மாநகராட்சியில் பாதி இடங்களுக்குப் பெண்கள் வந்தார்கள். வடசென்னையைச் சேர்ந்த பிரியா, முதல் தலித் பெண் மேயரானார். கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற அளவில் என் அம்மாவின் காலத்திலிருந்து நகர்ந்திருக்கிறோம். விளக்கு எரிய ஐந்து மாதமும் நான்கு மனுக்களும் ஆயின. டாஸ்மாக் கடை அங்கேயேதான் இருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்தும் அடுத்த தெருவிலிருந்தும் ஏழு சிறுமிகள் சேர்ந்து நடந்து போகிறார்கள். அம்மாக்கள் முறைபோட்டுக்கொண்டு ஒருவர் கூடப் போகிறோம். எனக்கு வெள்ளிக்கிழமை. பூக்காரர் அக்கா தன் முறை இல்லாத நாளிலும் வருகிறார். "எனக்கு இப்டி ஒரு ஆளு வந்திருந்தா…" என்று தொடங்கி, அதோடு நிறுத்திக்கொள்வார்.

என் முறை இல்லாத நாட்களில், கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டால், நாலேகாலுக்குத் தெருமுனைக்குப் போய் நிற்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். போன வாரம் மகள் தோழிகளை முன்னால் அனுப்பிவிட்டு என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "நீ இங்க நிக்காதம்மா. நாங்கதான் ஏழு பேரு இருக்கோம்ல."

சரி என்றேன். மறுநாள் மளிகைக்கடைக்குள் நின்றுகொண்டேன்.